பாப் ஃபெல்லர் கட்டுரைக்குத் தோள்கொடுத்தோருக்கு நன்றி

அன்புடையீர்,

பேஸ்பால் பிட்சர் (பந்தெறிபவர்) பாப் ஃபெல்லரின் போர்க்கால ஆண்டுகளைப் பற்றிய எங்கள் கட்டுரை நல்லபடியாக முடிந்தது. கைகொடுத்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி, பழைய ஸ்கோர் கணக்குகளை வரிவரியாகச் சரிபார்த்தவர்களுக்கு. 1946-இல் கிளீவ்லேண்ட் அணிக்காக ஃபெல்லர் 348 ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) எடுத்தார். முந்தைய தலைமுறைப் பிட்சர் ரூப் வாடெல் 1904-இல் எடுத்தது 343 என்றே அப்போது பதிவாகியிருந்ததால், அது சாதனையாகக் கொண்டாடப்பட்டது. பிற்பாடு 1904 ஆட்டங்களை மறுபடி எண்ணியபோது வாடெலின் கணக்கு 349 ஆனது. ஒன்றே ஒன்றில் கைநழுவியது. பழைய நூல்களும் புதியவையும் முரண்படுவது இதனால்தான். எந்தக் கணக்கையும் அது அச்சான ஆண்டைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

வேகத்தை விளக்கிய இயற்பியல் ஆசிரியருக்கும் கடமைப்பட்டுள்ளோம். 1946-இல் வாஷிங்டன் கிரிஃபித் மைதானத்தில் ராணுவக் கருவி அவர் பந்துக்குக் காட்டியது மணிக்கு 98.6 மைல், ஏறத்தாழ 159 கி.மீ. கருவி இருந்தது மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட் அருகே. இன்றோ பந்து கையைவிட்டதுமே அளக்கிறார்கள். பிளேட்டை எட்டுவதற்குள் காற்றுத்தடையால் பல மைல் வேகம் குறைந்துவிடும். ஆகவே இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

பீரங்கி பற்றிய பகுதி முழுக்க ஓய்வுபெற்ற கடற்படைப் பெரியவர் தந்தது. தந்தை புற்றுநோயில் கிடந்ததால் ஃபெல்லருக்கு விலக்கு கிடைத்திருக்கும். ஆனாலும் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இரண்டே நாளில், 1941 டிசம்பர் 9 அன்று, கடற்படையில் சேர்ந்தார். அலபாமா போர்க்கப்பலில் நான்கு குழல் கொண்ட 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கி ஒன்றுக்குப் பொறுப்பாளர். கிளிப்புக்கு (குண்டுகளைக் கோத்து வைக்கும் சட்டம்) 4 குண்டுகள்; குழலுக்கு நிமிடத்துக்கு 120 என்றால் ஒரு கிளிப் 2 விநாடியில் தீரும். கையால் திணிப்பவர் சற்றுப் பிந்தினாலும் அந்தக் குழல் நின்றுவிடும். அதனால்தான் அந்தப் பீரங்கிக்கு நிறைய ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

1945 ஆகஸ்ட் 24 அன்று ஃபெல்லர் மறுபடி ஆடுகளத்துக்குத் திரும்பி வந்து டெட்ராய்ட்டை 4-2 என வென்றார். 12 ஸ்ட்ரைக் அவுட்.

போர் இல்லாவிட்டால் அவர் மொத்தமாகப் பெற்ற 266 வெற்றிகள் 350-ஐத் தாண்டியிருக்கும் என்பதை ஊகம் என்றே எழுதச் சொன்ன நண்பருக்குத் தனி நன்றி. அவர் பந்தெறிந்தது 1940-இல் 320 இன்னிங்ஸுக்கு (ஆட்டச் சுற்றுகள்) மேல், 1941-இல் 343. அந்தச் சுமையை அந்தக் கை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கியிருக்கும் என்று யாரும் அறுதியிட முடியாது.

மெய்ப்புப் பார்த்தவருக்கும் நன்றி. 1946-இன் 371.1 இன்னிங்ஸைத் தசமமாகக் கொள்ளாமல், 371 இன்னிங்ஸும் ஓர் அவுட்டும் எனப் பிரித்து எழுதியவர் அவரே.

நன்றியுடன்,
கட்டுரைக் குழுவினர்