காலியாகக் கிடக்கும் மெமரி கார்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

32 ஜிபி கைபேசிகளில் கார்டு பாதி காலியாகக் கிடக்கும். 'இடமில்லை' என்ற அறிவிப்பு மட்டும் ஓயாது. கேஷ் எனப்படும் தற்காலிகக் கோப்புகளைச் செயலிகள் எங்கே கொட்டுகின்றன என்பதில்தான் கோளாறு.

ஆன்ட்ராய்டில் 'எக்ஸ்டர்னல்' என்றால் கார்டு என்று பொருளல்ல. கேஷுக்கு இடம் கேட்கும் நிரல் கட்டளையைச் செயலி 'கெட்எக்ஸ்டர்னல்கேஷ்டிர்' என்று ஒருமையில் கொடுத்தால், பெரும்பாலான கைபேசிகளில் கிடைப்பது உள் நினைவகத்தின் ஒரு பகுதியே. கார்டையும் சேர்த்துக் காட்டுவது, 2013-இல் ஆன்ட்ராய்டு 4.4 உடன் வந்த பன்மை வடிவம். கடைசியில் ஓர் 'எஸ்', அவ்வளவுதான். அதை விட்டுவிட்டால் 'கார்டில் சேமி' பொத்தான் வெறும் அலங்காரம். கார்டைக் கழற்றியிருந்தால் அந்தப் பட்டியலில் அதன் இடம் வெறுமையாக வரக்கூடும். அதைச் சோதிக்காமல் எழுதப் போகும் செயலி அங்கேயே நின்றுவிடும். உள் நினைவகத்துக்குத் திரும்ப வழி வைத்திருக்க வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் கார்டில் தள்ளுவதும் தவறு. 64 ஜிபி கார்டு வழக்கமாக எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் 128 கேபி கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 6 கேபி சிறுபடமும் ஒரு முழுக் கட்டத்தை விழுங்கும். அப்படி 10,000 படங்கள் என்றால் உள்ளடக்கம் 60 எம்பி, பறிபோகும் இடம் சுமார் 1.2 ஜிபி! செயலியின் தகவல் தொகுப்பான டேட்டாபேஸோ ஓயாமல் சிறு சிறு துண்டுகளாக எழுதும். கார்டின் மேலுள்ள 'கிளாஸ் 10' என்ற வேகக் குறியீடு உறுதி தரும் வினாடிக்கு 10 எம்பி வேகம் தொடர்ச்சியாக எழுதுவதற்கானது; இதற்கு உதவாது. செயலிகளுக்கு ஏற்றது என்று குறிக்கும் ஏ1 முத்திரையுள்ள கார்டுக்கே, இப்படிச் சிதறலாக எழுதுவதில் வினாடிக்கு 500 முறைதான் உத்தரவாதம். நடுவில் கார்டை உருவினால் டேட்டாபேஸ் சிதையவும் கூடும்.

ஆகவே பாட்டு, காணொலி, வரைபடம் போல, பெரிதாகவும் தொலைந்தால் மீண்டும் இறக்கிக்கொள்ளத் தக்கதாகவும் இருப்பவை மட்டும் கார்டுக்குப் போகட்டும். சிறுபடங்களும் டேட்டாபேஸும் உள்ளேயே இருக்கட்டும். உள்நுழைவு விவரங்களைக் கார்டில் வைக்கவே கூடாது. சாதாரணமாக ஃபார்மேட் செய்த கார்டை எந்தக் கணினியிலும் செருகிப் படித்துவிடலாம்.

உள் நினைவகம் நிறையும்போது அங்குள்ள கேஷை ஆன்ட்ராய்டே துடைக்கும். கார்டில் அதை நம்ப முடியாது. செயலியே 500 எம்பி போல ஓர் உச்சவரம்பு வைத்து, நெடுநாள் தொடாத கோப்பிலிருந்து அழித்துக்கொண்டு வர வேண்டும். வரம்பைப் பயனரே மாற்ற வசதி இருந்தால் இன்னும் நல்லது.

பயனர்கள் கார்டை உருவும் முன் அமைப்புகளில் சேமிப்பகம் பகுதிக்குப் போய் 'எஜெக்ட்' கொடுப்பது அவசியம். அப்போதும் கார்டிலுள்ள கோப்பைத் திறந்தே வைத்திருக்கும் செயலியை ஆன்ட்ராய்டு மூடிவிடும். எஜெக்ட் அறிவிப்பு வந்ததுமே கோப்பை மூடுவது செயலியின் வேலை.

– செயலி உருவாக்குநர்கள் சிலர், கோயம்புத்தூர்