கசடு ஆறுகிற வேகம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகன் கல்யாணத் தேதி முடிவானதில் ரொம்ப சந்தோஷம், குடும்பத்தோடு வந்துவிடுகிறோம்.

கணக்கையும் பார்த்தேன். செம்பு உருக்கும் கன்வெர்ட்டர் உலையின் கசட்டில் 4 சதவீதம் செம்பு உள்ளே போகிறது, செம்பைப் பிரித்தபின் மிஞ்சும் டெய்லிங்கில் 0.9 சதவீதம் வெளியே போகிறது, செம்பைக் குமிழியில் ஒட்டவைக்கும் ஸாந்தேட்டைக் கூட்டியும் இறங்கவில்லை என்கிறாய். இனிமேல் கூட்டாதே. கோளாறு, அரைத்த கசட்டிலிருந்து செம்பை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் ஃப்ளோட்டேஷன் தொட்டியில் இல்லை, கசடு ஆறுகிற இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது.

ஊற்றும்போது கசடு 1200 டிகிரிக்கு மேல் இருக்கும். செம்பு அதில் ஒரு பகுதி மேட் (செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த உருகல்) துளிகளாகவும் மீதி கரைந்த ஆக்சைடாகவும் கலந்து நிற்கும். 1000 டிகிரி வரை நிதானமாக இறங்கினால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும். கரைந்த செம்பும் இரும்பு ஆக்சைடோடு வினைபுரிந்து உலோகமாகப் பிரியும். அதற்குமுன் தண்ணீர் விட்டால் கசடு கண்ணாடியாக இறுகி, செம்பு சில மைக்ரான் பொட்டுகளாக உள்ளே சிக்கிக்கொள்ளும். அதை அரைக்கும் மில்லில் விடுவிப்பது கட்டுப்படியாகாது. 1000-க்குக் கீழே போனபின் வேகமாக ஆற்றினாலும் பெரிய நஷ்டமில்லை. மேலோடு இறுகிவிட்டதே என்று மட்டும் ஏமாறாதே, நடுவில் குழம்பாகவே இருக்கும். தண்ணீர் அங்கே இறங்கினால் நீராவியாகி வெடிக்கும். ஆள் உயிர் போகும். முடிந்தால் பெரிய பானையில் ஊற்று. சுவரை ஒட்டிச் சட்டென்று இறுகும் பகுதி அதில் விகிதத்தில் குறைவு.

ஊகத்தில் வேலை செய்ய வேண்டாம். டெய்லிங்கைச் சல்லடையில் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் செம்பு பார். 45 மைக்ரானுக்கு மேலே நிற்பதில் செம்பு அதிகமென்றால் அரைப்பு போதவில்லை. 80 சதவீதம் அந்த அளவுக்குக் கீழே போக வேண்டும். நன்றாக அரைத்தும் இறங்காவிட்டால் ஒரு துண்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் வை. கண்ணாடிக்குள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் ஆற்றும் நேரத்தைத்தான் நீட்ட வேண்டும். நீர்த்த கந்தக அமிலத்தில் செம்பு கரைந்து வந்தால் அது ஆக்சைடு. அதற்கு சோடியம் ஹைட்ரோசல்பைடு உதவும். கொஞ்சம் கூடினாலும் அதுவே மிதப்பை அமுக்கும். அமிலம் அதன் பக்கத்தில் வரவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

உலோகச் செம்பு மில்லில் உடையாது, தகடாகத் தட்டையாகி உள்ளேயே சுற்றும். மில் வாயில் சல்லடை போட்டு எடுத்து நேரே உலைக்கு அனுப்பு.

இத்தனை பாடும் வீண் இல்லை. மிதந்து பிரிந்து வரும் கான்சன்ட்ரேட்டில் செம்பு 28 சதவீதம் என்று வைத்துக்கொள். டெய்லிங் 0.9 இருந்தால் 100 டன் கசட்டில் 3.20 டன் செம்பு மீள்கிறது. அதை 0.4-க்கு இறக்கினால் 3.65 டன். 450 கிலோ கூடுதல்! மேட்டோடு வரும் தங்கமும் வெள்ளியும் தனி.

கோபால்ட்டும் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். இந்த வழியில் வராது, அது கசட்டின் சிலிக்கேட்டிலும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடிலும் ஆக்சைடாகவே தங்கிவிடும். சாம்பியாவில் என்கானா என்ற இடத்தின் பழைய கசட்டுக் குவியலிலிருந்து அதை எடுக்க, சாம்பிஷியில் 2001-இல் 40 மெகாவாட் மின்வில் உலையே வைத்து நிலக்கரியால் ஆக்சிஜனை நீக்கி ஒடுக்கினார்கள். உன் கசட்டில் எவ்வளவு இருக்கிறதென்று முதலில் சோதித்துவிட்டு அந்தப் பேச்சை எடு.

சல்லடை முடிவு வந்ததும் எழுது, பானையின் கொள்ளளவையும் தண்ணீர் விடும் நேரத்தையும் சேர்த்து.

அன்புடன்,
ராஜகோபால்