தமிழில் கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு, பாம்பனிலிருந்து

நண்பர்களே, வணக்கம்.

கடற்கரை ஊர்களுக்கென்று தனியாக ஒரு மாஸ்டடான் சர்வர் (ட்விட்டர் மாதிரிக் குறும்பதிவு போட, யாரும் சொந்தமாக நடத்தக்கூடியது) வைக்கலாமா என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சர்வருக்கு அவசரமில்லை என்பது என் கட்சி. சர்வர் மென்பொருள் ஏற்கெனவே நன்றாக வளர்ந்துவிட்டது. வளராமல் கிடப்பது, மீனவர் சங்க அலுவலக மேஜையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஓடி, அந்தச் சர்வரில் பதிவு போடவும் படிக்கவும் உதவ வேண்டிய சின்னச் செயலி. உங்கள் கையில் மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளை முதலில் அதற்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் பாம்பனில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். விசைப்படகுக்காரர்கள், நாட்டுப்படகுக்காரர்கள், பாசி எடுக்கும் பெண்கள் என்று எல்லாருடைய அறிவிப்பும் மனுவும் என் கடையில் டைப் ஆகின்றன. நேரம் கிடைத்தால் பைத்தான் மொழியில் கொஞ்சம் நிரல் எழுதுவேன். இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை எப்படிப் பயணம் போகிறது என்று பாருங்கள். காற்று பலமாக இருக்கும் என்றால் அன்றைக்கு விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. அந்த அறிவிப்புத் தாளை யாராவது செல்போனில் படம் பிடிப்பார்கள். படம் வாட்ஸ்அப்பில் ஏறும். ஏறும்போதே தேதி பாதி வெட்டுப்பட்டிருக்கும். போன வருஷப் படமும் இந்த வருஷப் படமும் பார்க்க ஒரே மாதிரிதான். இது போதாதென்று எங்கள் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்தாலும் வடகடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாடை பிறந்தால் நிலைமை தலைகீழ். எந்தக் கடலுக்கு, எத்தனை மணி வரை என்பதுதான் படகுக்காரருக்குத் தெரிய வேண்டியது. அதைப் படத்துக்குள் தேட முடியாது. வாட்ஸ்அப் குழுவில் 1024 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. குழுவில் இல்லாதவருக்கு அது இல்லாத செய்தி.

மாஸ்டடான் மாதிரி, ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத மையமில்லாத குறும்பதிவு இதற்குப் பொருந்தும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. வடகடலுக்கு ஒரு கணக்கு, தென்கடலுக்கு ஒரு கணக்கு. வேண்டியவர் வேண்டியதைப் பின்தொடரட்டும். கணக்கே இல்லாதவரும் பிரவுசரில் பார்க்கலாம், புதுப் பதிவுகளைத் தானாகக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் (RSS) ஓடையாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஜிமெயில்காரர் யாஹூகாரருக்கு மெயில் அனுப்புவதுபோல ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் அரசாங்கமே தனக்கென்று மாஸ்டடான் சர்வர் வைத்திருக்கிறது.

இந்த வழியில் மென்பொருளின் பெயர் மாறும், வழி மாறாது. 2008 ஜூலையில் ஐடென்டிகா என்ற குறும்பதிவுத் தளம் தொடங்கியபோது அதன் மென்பொருளின் பெயர் லகோனிகா. அப்புறம் ஸ்டேட்டஸ்நெட் ஆனது, 2013இல் க்னூ சோஷியலோடு கலந்தது. 2016இல் மாஸ்டடான் வந்தது. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜனவரியில் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு மாஸ்டடான் பிடிக்கவில்லையென்றால் அதே நெறிமுறையில் ஓடும் வேறொன்றுக்குப் பின்தொடர்பவர்களோடு குடிபெயரலாம். எதிர்ப்பக்கத்தில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்: 2023 ஜனவரியில் ட்விட்டர் வெளியாட்கள் எழுதிய செயலிகளை ஒரே வாரத்தில் முடக்கியது. வருஷக்கணக்கில் உழைத்து வளர்த்த ட்வீட்பாட் மாதிரியான செயலிகள் அத்தோடு முடிந்தன. சரி, சரித்திரம் போதும்.

இனி மேஜைக்கு வருகிறேன். முதலில் ஹேஷ்டேக். பைத்தானோடு வரும், எழுத்துக்கோவைகளைத் தேடிப் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், சொல்லெழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ்-டபிள்யூவைப் போட்டு ஹேஷ்டேக்கைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பாம்பன் என்று கொடுத்தால் திரும்பி வருவது ‘ப’ மட்டும்தான். காலும் புள்ளியும் துணைக்குறிகள், அவற்றை அது எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஹேஷ் இல்லாமல் சொற்களைப் பிரிக்கச் சொன்னால் ப, ம, பன என்று மூன்று துண்டு கையில் வரும். மண்டபம், தொண்டி, கீழக்கரை, வாலிநோக்கம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மாஸ்டடான் சர்வரில் இந்தப் பிரச்சினை இல்லை. அது ரூபி மொழியில் எழுதியது, ரூபியின் சொல்-விதி துணைக்குறிகளையும் சேர்த்துக்கொள்ளும். ஆக சர்வர் சரியாகப் பிடிக்கிற ஹேஷ்டேக்கை நாம் அவசரத்தில் எழுதும் சின்னக் கருவி கொத்தி வைக்கிறது. சர்வர் அவசரமில்லை என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பைத்தானிலேயே ரெஜெக்ஸ் என்ற தனி நூலகம் இதைச் சரியாகச் செய்யும், மாற்ற ஒரே வரி. ஆனால் அந்த ஒரு வரியைத் தமிழில் சோதித்துப் பார்த்தவர்தான் மாற்றுவார்.

எழுத்து எண்ணிக்கையிலும் இதே கோளாறு. பாம்பன் என்பது நமக்கு நாலு எழுத்து. யூனிகோடு குறியீடாக எண்ணினால் ஏழு, யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணினால் 21. மாஸ்டடானின் 500 எழுத்து வரம்பு நம் கணக்கில்தான் எண்ணுகிறது. ஏழாக எண்ணும் செயலி, இடம் இருக்கும்போதே முடிந்துவிட்டது என்று சிவப்பு காட்டும். பதிவு போடும் சங்கக் கணக்குப்பிள்ளை அதை நம்பி நேரத்தையோ இடத்தையோ வெட்டிவிடுவார். குறுஞ்செய்தியாகவும் அனுப்பும் வசதி வைப்பதாக இருந்தால் அங்கே கணக்கு வேறு: தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான். இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

அடுத்தது என் தொழில் சார்ந்த தலைவலி. நீங்கள் யூனிகோடில் பிறந்து வளர்ந்தவர்கள். இந்தக் கரையில் நிறைய அறிவிப்புகள் இன்னமும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களான பாமினியிலும் வானவில்லிலும் அடிக்கப்படுகின்றன. பாமினியில் கடல் என்று அடிக்க ஆங்கில எஃப், எல், ஒய், கடைசியில் அரைப்புள்ளி. பேஜ்மேக்கரில் அழகாகக் கடல் என்று தெரியும். காப்பி செய்து பதிவுப் பெட்டியில் ஒட்டினால் ஃப்ளை என்று பறந்துவிடும். ஒட்டுகிற இடத்திலேயே செயலி இதை மோப்பம் பிடிக்க வேண்டும்: ‘இது பாமினி மாதிரித் தெரிகிறது, மாற்றட்டுமா?’ என்று ஒரு கேள்வி, ஒரு பொத்தான். மாற்றுகிற வேலையை நீங்கள் புதிதாக எழுத வேண்டியதில்லை, ஓப்பன்-தமிழ் நூலகத்தில் பழைய எழுத்துருக்களுக்கான மாற்றி இருக்கிறது. எனக்குத் தெரிந்து குறும்பதிவுச் செயலி எதுவும் இதைக் கண்டுகொண்டதில்லை. கண்டுகொள்ள வேறு மொழிக்காரர் வரப்போவதும் இல்லை, அவர்களுக்கு எதற்கு இந்தக் கவலை?

நெட் விட்டுவிட்டு வரும் ஊர் இது. காற்றடித்தால் கரண்டும் போகும். எச்சரிக்கை அனுப்ப வேண்டிய நேரமும் அதேதான். சர்வர் பொறுமையானது: இன்னொரு சர்வர் எட்டவில்லையென்றால் நேரம் விட்டு விட்டுத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். பல செயலிகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பிழை என்று ஒரு பெட்டி காட்டிவிட்டுக் கையை விரிக்கும், டைப் செய்ததும் சில சமயம் போய்விடும். அனுப்பு என்று அழுத்தியவுடன் பதிவை முதலில் கம்ப்யூட்டரின் வட்டில் (டிஸ்க்) எழுதி வையுங்கள், நெட் வந்ததும் தானாகப் போகட்டும். மாஸ்டடானில் இதற்கு ஐடெம்போடன்சி-கீ என்று, பதிவோடு சேர்த்து அனுப்பும் ஒரு தலைப்பு (ஹெடர்) இருக்கிறது; அதில் வைப்பது ஒரு சாவி. ஒரே சாவியோடு ஒரே பதிவை இரண்டு தடவை அனுப்பினாலும் ஒன்றுதான் விழும். ஆனால் அந்தச் சாவியின் ஆயுள் ஒரு மணி நேரம். பதிவு சர்வரில் ஏறி, ‘ஏறிவிட்டது’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்து, நெட் இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், அதே எச்சரிக்கை இரண்டாவது தடவை புதுசாக விழும். மக்கள் அதைப் புது எச்சரிக்கை என்றே படிப்பார்கள். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால், மறுபடி அனுப்பும் முன் சொந்தக் கணக்கின் கடைசிப் பதிவுகளைச் சரிபார்க்கும்படி எழுதுங்கள்.

காலாவதி. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். பேரிடர் எச்சரிக்கைகளுக்கென்று இருக்கும் காமன் அலர்ட்டிங் புரோட்டோகாலில் எச்சரிக்கை எப்போது காலாவதியாகிறது என்று சொல்ல ஒரு புலம் உண்டு. இந்திய அரசின் சசேத் அமைப்பு அந்த நெறிமுறையில்தான் ஓடுகிறது. ஆக்டிவிட்டிபப் பயன்படுத்தும் சொற்களஞ்சியத்திலும் என்ட்டைம் என்று ஒன்று இருக்கிறது, வாக்கெடுப்பு எப்போது முடியும் என்று சொல்ல மாஸ்டடான் அதை வைத்திருக்கிறது. சாதாரணப் பதிவில் அதை மதிப்பாரில்லை. நம் செயலி மதிக்கட்டும். நேரம் கடந்த எச்சரிக்கை தானாக மங்கி, மேலே ‘முடிந்தது’ என்று காட்டினால் போதும். மற்ற செயலியில் படிப்பவருக்காக அதே நேரத்தைப் பதிவின் முதல் வரியிலும் எழுத்தாக வையுங்கள்.

கனத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. எலெக்ட்ரான் என்ற கருவித்தொகுப்பில் எழுதுவது உங்களுக்குச் சுலபம். ஆனால் ஒவ்வொரு செயலியும் வயிற்றுக்குள் முழு குரோமியம் பிரவுசரைச் சுமந்துகொண்டு வருகிறது. 4 ஜிபி நினைவகத்தில் டேலி ஒரு பக்கம், பிரின்டர் ஒரு பக்கம் ஓடும் கம்ப்யூட்டரில் அது உட்காராது. ஜிடிகே நூலகத்தில் எழுதிய டியூபா, கேடிஇ திட்டக்காரர்களின் டோகோடான் இரண்டும் நேரடியாக ஓடும் (நேட்டிவ்) மாஸ்டடான் செயலிகள். தமிழை ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நூலகம் வழியாக ஒழுங்காகக் கோத்துக் காட்டுகின்றன. வெறும் எழுத்துத் திரையான டெர்மினலில் ஓடும் செயலிகள் இன்னும் லேசு, எனக்குப் பிடித்தவையும் அவைதான். ஆனால் பெரும்பாலான டெர்மினல்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். சங்கத்துக்கு அது ஆகாது. புதிதாக ஒன்று தொடங்குவதைவிட இருக்கும் ஒன்றில் தமிழ்ச் சிக்கல்களைத் தீர்த்து மூலத்துக்கே திருத்தம் அனுப்பினால் இன்னும் நல்லது. புதுச் செயலி என்றால் பெயர் வைக்கவே உங்களுக்கு ஒரு மாசம் ஆகும்.

மீன்பாடு விழுந்த இடத்தை எந்தப் படகோட்டியும் ஊருக்குச் சொல்ல மாட்டார். செல்போன் படத்துக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடக் குறிப்பு அதைச் சொல்லிவிடும். சர்வர் அழிக்கும் என்று இருக்காமல் அனுப்பும் முன்பே செயலி அதை உருவி எடுத்துவிடட்டும். மாஸ்டடானில் தனிப்பதிவு என்பது பூட்டிய கடிதம் இல்லை, சர்வர் நடத்துகிறவர் நினைத்தால் படிக்கலாம். மற்ற சர்வருக்குப் போன பதிவை அழிக்கச் சொல்லிக் கேட்கத்தான் முடியும், அழிந்ததா என்று உறுதி சொல்ல முடியாது. இதை உதவிப் பக்கத்தின் அடியில் புதைக்காமல் எழுதும் பெட்டிக்கு மேலேயே ஒரு வரியில் போடுங்கள்.

எதிர்க்கரையையும் நினைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி முனைக்குப் போனால் செல்போன் இலங்கை சிக்னலைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி காட்டும், அவ்வளவு பக்கம். தலைமன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் மீனவர்களும் தமிழில்தான் எழுதுவார்கள். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை விஷயத்தில் எங்கள்மேல் அவர்களுக்குக் கோபம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. 2017இல் அங்கே இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தார்கள். நாளைக்கு எங்கள் சர்வரில் ஒருவர் வாய்த்துடுக்காகப் பேசினால் அவர்கள் அந்த ஒருவரை மறைக்கலாம், வேண்டாமென்றால் சர்வரையே தள்ளி வைக்கலாம். அந்த உரிமை அவர்கள் கையில் இருக்க வேண்டும், அதனால்தான் ஒரே பெரிய ‘தமிழ்க் கடல் சர்வர்’ என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. தனித்தனிச் சர்வர்தான் சரி, அது பின்னால் வரட்டும். சங்க அளவில் வைக்க, அதே ஆக்டிவிட்டிபப்பில் பேசும் கோடுசோஷியல் (GoToSocial) என்ற சின்னச் சர்வர் மென்பொருள் போதும். எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் ஓடும், கனம் குறைவு. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில்கூட வைக்கலாம். என்ன, உப்புக்காற்றில் யூஎஸ்பி வாயெல்லாம் துருப்பிடிக்கும், பெட்டிக்கு மூடி வேண்டும்.

செயலி அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்துக்கொண்டு வாருங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், சங்கத்தில் ஆள் இருக்கும், உட்கார்ந்து திட்டவும் அவர்களுக்கு நேரம் இருக்கும். சோதிக்க என் கடையில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, பாமினியில் அடித்த பழைய அறிவிப்புக் கோப்புகள் பெட்டி நிறைய இருக்கின்றன. நிறுவும் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள், இங்கே டவுன்லோடு செய்துகொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள்.

அன்புடன்,
பாம்பன் டிடிபி கடைக்காரன்