கவசம் போதும், இப்ப கிளாஸோட தோற்றத்தையும் மாத்த விடுங்க: ஆர்பிஜி டெவலப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமா மாறி ஆடுற கேம்) பண்ற டெவலப்பர்கள், ஆர்ட் டீம்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

டிரஸ் மாத்துற வசதி தாராளமா குடுத்துட்டீங்க, அதுக்கு நன்றி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல 2011ல டிரான்ஸ்மாக் வந்துச்சு, 2014ல ஃபைனல் ஃபேன்டஸி 14ல கிளாமரும் கில்ட் வார்ஸ் 2ல வார்ட்ரோபும் வந்துச்சு, எல்லாமே கவசத்தோட பலம் மாறாம தோற்றத்தை மட்டும் மாத்துற வசதி. ஸ்டாட்ஸ் (பலத்தைக் காட்டுற நம்பர்) நல்லா இருக்கேன்னு சம்பந்தமே இல்லாத தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கிட்டு திரிஞ்ச காலம் அதோட போச்சு. ஆனா நான் இப்ப கேக்குறது கிளாஸ் பத்தி, அதாவது கேம்ல நாங்க எடுத்து ஆடுற வீரன் வகையும் அவனோட சக்திகளும் பாக்க எப்படி இருக்குங்கறது.

டிரூயிட் (மிருகமா உருவம் மாறுற கிளாஸ்) ஆடுறவன் பாதி நேரம் கரடியாவோ பூனையாவோ தான் இருக்கான், ரெய்டு ரெய்டா (கூட்டமா போய் பெரிய எதிரியை அடிக்கிற சண்டை) அலைஞ்சு சேத்த கவசம் அந்த ரோமத்துக்குள்ள காணாம போயிடுது. சம்மனருக்கு முன்னாடி நின்னு அடி வாங்குறது அவன் கூப்பிட்ட ஜந்து. மந்திரவாதி மேஜ்னா கைல இருந்து கிளம்புற நெருப்பு தான் கண்ணுல படும். ஸ்க்ரீன்ல நேரம் பூரா நாங்க பாக்குறது இதைத்தான், இதுல கை வைக்க மட்டும் ரொம்ப யோசிக்கிறீங்க.

செய்ய முடியாத விஷயமும் இல்ல. சிட்டி ஆஃப் ஹீரோஸ்ல 2009லயே பவர்களோட கலரை ஆடுறவங்களே மாத்திக்க விட்டாங்க. வார்கிராஃப்ட்ல 2013ல வார்லாக்குக்கு (பேய்ங்களை ஏவுற மந்திரவாதி) பச்சை நெருப்பு வந்துச்சு, அதுக்கு ஒரு க்வெஸ்ட் லைன் (வரிசையா முடிக்க வேண்டிய வேலைங்க), கடைசி ஃபைட்ல துணைக்கு ஆள் கூட்டிட்டு போக முடியாது, தனியா தான் முடிக்கணும். டேமேஜ் ஒரு பாயிண்ட் கூட ஏறாது, வெறும் நிறம், அதுக்காகவே மணிக்கணக்குல முட்டி மோதுனாங்க! பச்சை நெருப்போட ஒருத்தன் நின்னான்னா அவன் அதை ஜெயிச்சவன்னு பாத்ததும் தெரியும். இதைவிட நல்ல ரிவார்டு எனக்கு தெரிஞ்சு கம்மி. அப்படிப்பட்ட கேம்லயே, 2004ல வெளியானது, வார்லாக்கோட பேய்ங்களுக்கு ஒழுங்கான கஸ்டமைசேஷன் வர 2023 ஆயிடுச்சு.

இன்னொரு விஷயம், ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு கதைதான்னு நீங்களே முடிவு பண்ணிடுறீங்க. செத்தவங்களை எழுப்புற நெக்ரோமேன்சர்னா மண்டையோடு, பச்சைப் புகை, கெட்டவன் சிரிப்பு. முன்னோர்களோட ஆவியை மரியாதையா கூப்பிட்டு உதவி கேக்குற ஒருத்தனா நான் ஆடணும்னா என்ன பண்றது? ஸ்கில் அதே ஸ்கில், நம்பர் அதே நம்பர், எலும்புக்கூட்டுக்கு பதிலா வெள்ளை வெளிச்சத்துல ஒரு உருவம் வந்தா போதும், ஆள் புதுசா ஆயிடுவான்.

பிவிபில (ஆடுறவங்க ஒருத்தரோட ஒருத்தர் மோதுறது) எதிராளி என்ன ஸ்பெல் (மந்திரம்) போடுறான்னு தெரியாம போயிடும்னு சொல்வீங்க, நியாயம் தான், அதை நான் சும்மா தள்ளிவிடல. அதனால ஸ்பெல்லோட வடிவம், சத்தம், காஸ்ட் அனிமேஷன் (மந்திரம் போடுற அசைவு) இதெல்லாம் அப்படியே இருக்கட்டும், கலரும் டெக்ஸ்சரும் மட்டும் மாறட்டும். அதுக்கு மேல செட்டிங்ஸ்ல ஒரு டிக் வச்சிடுங்க, "மத்தவங்க எஃபெக்ட் எல்லாம் டீஃபால்ட்டா காட்டு"ன்னு. வேணாங்கறவங்க போட்டுக்கட்டும், ஸ்லோ பிசி வச்சிருக்கவங்களும் தப்பிப்பாங்க.

காசு விஷயம். பாத் ஆஃப் எக்ஸைல்ல ஸ்கில் எஃபெக்ட் எல்லாம் கடையில விக்குறாங்க, அது ஃப்ரீயா ஆடுற கேம், சரி, அதுல எனக்கு வருத்தம் இல்ல. மாசாமாசம் சந்தாவும் கட்டி, எக்ஸ்பான்ஷனும் (கேமோட புது பகுதி) வாங்கி, அப்புறம் என் ஓநாய்க்கு கருப்பு ரோமம் வேணும்னா தனியா பணம்னா கடுப்பாகுது (லூட் பாக்ஸ்ல, அதாவது உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வாங்குற பெட்டில, போட்டு குலுக்குனா இன்னும் கேவலம்). கொஞ்சம் கடையில வச்சுக்கங்க, ஆனா நல்லதுல பாதியாவது க்வெஸ்ட்லயும் டன்ஜன்லயும் கிடைக்கணும்.

எல்லா கிளாஸுக்கும் ஒரே பேட்ச்ல (அப்டேட்) கேக்கல, ஆர்ட் டீம் பாவம். முதல்ல உருவம் மாறுறவங்களுக்கும் பெட் (கூடவே வந்து சண்டை போடுற ஜந்து) வச்சிருக்கவங்களுக்கும் மட்டும் மூணு மூணு தோற்றம் குடுங்க, அதுல ஒண்ணு கிளாஸ் க்வெஸ்ட் முடிச்சா தான் கிடைக்குற மாதிரி. அந்த டீஃபால்ட் டிக்கையும் அதே பேட்ச்ல விட்டுடுங்க, இல்லன்னா முதல் வாரமே பிவிபிகாரங்க கத்தி எல்லாத்தையும் எடுக்க வச்சிடுவாங்க.

இப்படிக்கு,
கரடி ரோமத்துக்குள்ள கவசம் தொலைச்ச ஒரு டிரூயிட்