பிரசங்கத்தில் வராத பக்கங்கள்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அங்கே சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

பிள்ளைகள் தூங்கின பிறகு வாசிக்க உருப்படியாக ஏதாவது சொல்லுங்கம்மா என்று கேட்டிருந்தாய். சமீபத்தில் நான் படித்து முடித்த நாலும் பழைய புத்தகங்கள். பெயரைக் கேட்டதும் இரண்டு மூன்றை "இதுதான் தெரியுமே" என்பாய். நமக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்ட பங்குதான், பாப்பா. பிரசங்கத்துக்குத் தோதான இடத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவார்கள். அந்த மிச்சத்தில்தான் பெண்கள், அதிலும் தாய்மார், நிறைய இருக்கிறார்கள்.

முதலாவது, அகஸ்டினுடைய 'கன்ஃபெஷன்ஸ்'. ஏறத்தாழ 397க்கும் 400க்கும் நடுவில் எழுதினது. அப்போது அவர் ஹிப்போ பட்டணத்துப் பிஷப். இன்றைக்கு அந்த இடம் அல்ஜீரியாவில் இருக்கிறது. மொத்தம் 13 புத்தகங்கள் என்று போட்டிருப்பதைப் பார்த்து மலைக்காதே, ஒவ்வொன்றும் ஒரு நீண்ட அதிகாரம், அவ்வளவுதான். முதல் ஒன்பதில் அவருடைய வாழ்க்கை. பத்தாவது ஞாபகத்தைப் பற்றி, பதினொன்றாவது காலத்தைப் பற்றி, கடைசி இரண்டும் ஆதியாகமத்தின் தொடக்கத்துக்கு விளக்கம்.

வாசிப்பவர்கள் இரண்டு இடத்தில் கைவிடுவார்கள். ஒன்று, முதல் சில பக்கங்கள். கதை வரும் என்று உட்கார்ந்தால் கேள்விமேல் கேள்வியாக ஜெபம்தான் வரும். அதைத் தள்ளிவிட்டுப் போகாமல் வாய்விட்டு வாசி. புத்தகம் முழுக்கக் கடவுளைப் பார்த்து "நீர்" என்று பேசுவது. கண்ணால் மட்டும் ஓட்டினால் வாக்கியங்கள் முடிவில்லாமல் இழுக்கும், வாய்விட்டுப் படித்தால் மூச்சு விடவேண்டிய இடம் தானே தெரியும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் வாசித்தார்கள். மிலான் பிஷப் அம்புரோஸ் சத்தமில்லாமல் கண்ணாலேயே வாசித்ததை அகஸ்டின் ஆறாவது புத்தகத்தில் அதிசயமாகக் குறித்துவைத்திருக்கிறார். இரண்டாவது தடங்கல் பத்தாவது புத்தகம். கதை ஒன்பதிலேயே முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லித்தராததால், தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து மூடிவைத்துவிடுவார்கள். நீ வாரத்துக்கு ஒன்றாக ஒன்பது வாரம் வாசித்து அங்கேயே நிறுத்திக்கொள். மீதியைத் தனிப் புத்தகம் போல அடுத்த ஆண்டு எடுக்கலாம்.

வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள், சங்கீதங்கள் இல்லாமல் அவருக்குப் பேச வராது. ஆனால் அடிக்குறிப்பில் இருக்கும் எண்ணைத் தேடிப் போனால் சில பதிப்புகளில் வசனம் ஒத்துவராது. காரணம், அவர் வைத்திருந்த லத்தீன் வேதாகமத்தில் நம்முடைய 9ஆம் 10ஆம் சங்கீதங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அதிலிருந்து 147 வரைக்கும் பெரும்பாலும் ஓர் எண் குறைவாக வரும்; நம்முடைய 51 அங்கே 50. முதல் பக்கத்திலேயே சோதித்துவிடலாம். கர்த்தர் பெரியவர், மிகவும் துதிக்கப்படத்தக்கவர் என்ற பொருளில் தொடங்கும் இடத்துக்கு 145:3 என்று குறிப்பு இருந்தால் நம் எண். 144:3 என்று இருந்தால் கடைசிவரை ஒன்று கூட்டிக்கொண்டே போ.

இனி அகஸ்டினின் தாய் மோனிக்கா. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் அவளைப் பற்றிக் கேட்டிருப்பாய்: மகனுக்காக அழுதாள், ஜெபித்தாள், மகன் மனந்திரும்பினான். மூன்றாவது புத்தகத்தின் கடைசியை நீயே வாசித்துப் பார். மனிகேயர் என்ற வேறு மார்க்கத்தில் சேர்ந்துவிட்ட மகனோடு வாதம் பண்ணித் திருத்துங்கள் என்று ஒரு பிஷப்பை நச்சரிக்கிறாள். அவரோ, நானும் சின்ன வயதில் அதே மனிகேயர் கூட்டத்தில் இருந்தவன்தான், அவர்கள் புத்தகங்களைப் படித்துப் படித்தே வெளியே வந்தேன், அவனை விட்டுவிடு, ஜெபம் மட்டும் பண்ணு, வாசித்து அவனே தெரிந்துகொள்வான் என்கிறார். அவள் விடவில்லை, இன்னும் அழுகிறாள். சலித்துப்போய், போய் வா, இத்தனை கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை கெட்டுப்போகாது என்கிறார். பிரசங்கத்தில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் வரும். அவர் சலித்துப்போனதும் வராது, வாதம் பண்ணாதே என்ற புத்தியும் வராது. வளர்ந்த பிள்ளை உள்ள தாய்க்கு எது அதிகம் உபயோகம் என்று நீயே சொல்லு.

ஐந்தாவது புத்தகத்தில் அவர் தாயிடம் பொய் சொல்லிவிட்டு ரோமாபுரிக்குக் கப்பலேறுகிறார். அவள் கார்த்தேஜ் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சிப்ரியான் நினைவாலயத்தில் இரவெல்லாம் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். விடியும்போது கப்பல் இல்லை. பிள்ளைகளைக் கூடவே வைத்துக்கொள்ளும் ஆசை மற்றத் தாய்மாரைவிட அவளுக்கு அதிகம் என்று மகனே எழுதுகிறார். அவன் போகக்கூடாது என்ற அவளுடைய ஜெபம் கேட்கப்படவில்லை. போனதால்தான் அவன் மிலானுக்கு வந்தான், அம்புரோஸைச் சந்தித்தான். பிறகு அவளும் கடல் கடந்து பின்னாலேயே போகிறாள். புயலில் பயந்தது மாலுமிகள், தேற்றினது இவள்.

இதே பெண்ணிடம் நான் ஒத்துக்கொள்ளாத இரண்டு காரியம் உண்டு. ஒன்று ஆறாவது புத்தகத்தில். அகஸ்டினோடு பல வருஷம் வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றவளை, அவருக்கு நல்ல இடத்தில் கலியாணம் பேசினதால், விலக்கிவிடுகிறார்கள். அந்தச் சம்பந்தத்துக்கு முன்னின்றது மோனிக்கா. பெண்ணுக்குக் கலியாண வயது வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. விலக்கப்பட்டவள் இனி வேறொருவனை அறிவதில்லை என்று பொருத்தனை பண்ணி, மகனை இவர்களிடம் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்புகிறாள். அவள் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. மகன் பெயர் அதெயோதாத்துஸ். பதினாறு வயதில் தகப்பனோடு அவன் நடத்தின உரையாடலே தனி நூலாக இருக்கிறது. அவனைப் பெற்றவளும் ஒரு தாய்தான். ஆனால் யாரும் அவளை வைத்துப் பிரசங்கம் பண்ணினதை நான் கேட்டதில்லை.

மற்றது ஒன்பதாவது புத்தகத்தில். புருஷனிடம் அடிவாங்கின தழும்போடு வரும் பெண்களிடம், குற்றம் உங்கள் நாக்கில்தான், கலியாணப் பத்திரம் வாசித்த நாள்முதல் நீங்கள் அடிமைகள் என்று மோனிக்கா பாதி விளையாட்டாகப் புத்தி சொல்வதாக வருகிறது. இதை மாதிரியாக எடுத்துப் போதிப்பவர்களும் இருக்கிறார்கள். நீ எடுக்காதே. நாலாம் நூற்றாண்டு வீட்டுச் சட்டத்துக்குள் உயிர் பிழைக்க ஒருத்தி கண்டுபிடித்த வழி அது, சுவிசேஷம் இல்லை. அடித்தால் போலீசுக்குப் போகலாம் என்று உன் மகளுக்குச் சொல்லிக்கொடு.

அதே ஒன்பதாவது புத்தகத்தின் பின்பாதியை மட்டும் அவசரப்படாமல் வாசி. 387இல், ஈஸ்டருக்கு மகன் ஞானஸ்நானம் பெற்ற அதே வருஷம், ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியா துறைமுகத்தில் அவளுக்குக் காய்ச்சல் வருகிறது. ஒன்பதாம் நாள் இறந்துபோகிறாள். அவளுக்கு 56ஆம் வயது நடப்பு, மகனுக்கு 33ஆம் வயது நடப்பு. புருஷன் பக்கத்தில் தனக்கென்று கல்லறை ஏற்பாடு பண்ணிவைத்திருந்தவள், இந்தச் சரீரத்தை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், கர்த்தருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்கிறாள். தூர தேசத்தில் பிள்ளைகள் உள்ள எந்தத் தாய்க்கும் இதற்கு உரை தேவையில்லை.

இரண்டாவது, ஜான் பன்யனின் 'மோட்சப் பிரயாணம்'. பெட்போர்டு ஜெயிலில் 12 வருஷம் இருந்த பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி எழுதினது, 1678இல் வந்தது. அவருடைய முதல் மனைவி சீதனமாகக் கொண்டுவந்தது இரண்டு பக்திப் புத்தகங்கள்தான். இந்தக் கதையில் எனக்கு முன்பிருந்தே ஒரு உறுத்தல். கதாநாயகன் கிறிஸ்தியான் காதில் விரலை வைத்துக்கொண்டு "ஜீவன், ஜீவன், நித்திய ஜீவன்" என்று கத்திக்கொண்டு ஓடுகிறான். பின்னால் பெண்டாட்டி பிள்ளைகள் கூப்பிட்டு அழுகிறார்கள். பன்யனையும் அது உறுத்தியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 1684இல் இரண்டாம் பாகம் எழுதினார்: அவன் மனைவி கிறிஸ்தீனாளும் நாலு மகன்களும் அதே வழியில் போவது.

நம் வீடுகளில் இருக்கும் பல பிரதிகளில், சிறுவர் பதிப்புகளில் முக்கியமாக, இந்த இரண்டாம் பாகம் கிடையாது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார். அறியாமை என்பவனை மலைப்பக்கத்துக் கதவு வழியாக நரகத்துக்கு அனுப்பி, கண்டது கனவு என்று முடிந்தால் முதல் பாகம் மட்டும்தான். கிறிஸ்தீனாள் ஆற்றைக் கடந்து, நாலு மகன்களும் இக்கரையில் இருப்பதாக முடிந்தால் இரண்டும் இருக்கிறது.

முதல் பாகம் ஓட்டம், இரண்டாவது குடும்பப் பயணம். தாமதம் தாமதமாகத்தான் போகிறார்கள். காயு என்பவருடைய சத்திரத்தில் ஒரு மாதத்துக்குமேல் தங்குகிறார்கள், பிள்ளைகள் வழியிலேயே வளர்ந்து வழியிலேயே கலியாணம் முடிக்கிறார்கள். ஊன்றுகோல்களோடு நடக்கிறவன், எதற்கும் பயப்படுகிற பெண், மனம் பலவீனப்பட்டவன் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வேகத்துக்குத்தான் போகவேண்டும். முதல் பாகத்தில் கிறிஸ்தியானைப் புதன் காலையிலிருந்து சனி இரவு வரை அடைத்துவைத்து அடித்த ராட்சதனை, இதில் இந்தக் கூட்டத்தோடு வந்தவர்கள்தான் கொன்று, கோட்டையையும் ஏழு நாளில் இடித்துத் தள்ளுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கிறிஸ்தீனாளின் மகன் மத்தேயுவின் வயிற்றுவலி. மதிலுக்கு மேலே தொங்கின பழத்தைப் பிள்ளைகள் பறித்துத் தின்கிறார்கள். தாய் திட்டுகிறாள், ஆனால் தடுக்கவில்லை. தோட்டம் சத்துருவுடையது என்று அவளுக்குத் தெரியாது. வலி வருவது நாள் கழித்து. வைத்தியர் முதலில் கொடுக்கும் மருந்து ஆட்டு இரத்தம், கிடாரியின் சாம்பல், ஈசோப்புச் சாறு. அது போதாமல் போகிறது. எபிரெயர் 9ஐயும் 10ஐயும் திறந்துவைத்துக்கொண்டு வாசித்தால் ஏன் போதவில்லை என்று விளங்கும். இரண்டாவது மருந்து கிறிஸ்துவின் மாம்சமும் இரத்தமும், சில வாக்குத்தத்தங்களும் கொஞ்சம் உப்பும் சேர்த்த மாத்திரை. வேளைக்கு மூன்று, வெறும் வயிற்றில், கால் பைண்டில் பாதி மனஸ்தாபக் கண்ணீரில் விழுங்கவேண்டும். நம் கணக்குக்கு அரை டம்ளருக்கும் குறைவு. பையன் மாட்டேன் என்கிறான். தாய் ஒன்றை எடுத்து நுனிநாக்கில் தொட்டுப் பார்த்து, தேனைவிட இனிப்பாயிருக்கிறது என்கிறாள். இதை எழுதினவர் வீட்டில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் நேரம் இருந்து பார்த்திருக்கிறார்!

உன் பிள்ளைகளுக்கு வாசிப்பதென்றால் இரண்டாம் பாகத்திலிருந்தே தொடங்கலாம். முதல் பாகத்தின் சந்தேகக் கோட்டைப் பகுதியை மட்டும் முன்னதாக நீ தனியே வாசித்துக்கொள். தற்கொலை பண்ணிக்கொள்ளுங்கள் என்று கத்தி, கயிறு, விஷம் மூன்றையும் சொல்லி ராட்சதன் தூண்டுவான். சின்னவனுக்கு அது வேண்டாம். மூலத்தில் அதிகாரப் பிரிப்பு இல்லை, ஆகவே எங்கே நிறுத்துவது என்று நீதான் தீர்மானிக்கவேண்டும். அவர்கள் ஒரு வீட்டிலோ சத்திரத்திலோ தங்கும் இடத்தில் நிறுத்து. நடுவழியில் நிறுத்தினால் பிள்ளைகள் தூங்கமாட்டார்கள்.

மூன்றாவது நம் கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்', 1894. பன்யனைத் தழுவினதுதான், ஆனால் கம்பனை ஊறப்படித்தவர் கையில் அது காப்பியமாகிவிட்டது. 3766 பாட்டு, ஐந்து பருவம். நாளுக்குப் பத்துப் பாட்டு என்றாலும் ஒரு வருஷத்துக்குமேல் ஆகும். முதல் பாட்டிலிருந்து தொடங்கினவர்கள் ஆதி பருவத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நீ அதில் உள்ள தேவாரப் பதிகங்களில் தொடங்கு. கோயிலில் பாடும் "சத்தாய் நிஷ்களமாய்" அதில் வருவதுதான். ராகம் தெரிந்த பாட்டு நாக்கைப் பழக்கிவிடும், பிறகு விருத்தங்களுக்குப் போகலாம். பதம் பிரித்து அச்சிட்ட பதிப்பு அல்லாமல் வாங்காதே. சந்தி சேர்ந்தே இருந்தால் பாதி நேரம் சொல்லைப் பிரிப்பதிலேயே போய்விடும்.

கடைசியாக கிருபாபாய் சத்தியநாதனின் 'சகுணா'. மராத்திக் கிறிஸ்தவப் பெண், 1862இல் அகமதுநகரில் பிறந்தவர், 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்தார். உடம்பு இடம் கொடுக்காததால் படிப்பு நின்றது. 1887-88இல் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் இதழில் இதை ஆங்கிலத்தில் தொடராக எழுதினார், 1894இல் இறந்துபோனார். தன் கதையையே கொஞ்சம் பெயர் மாற்றி எழுதினது. நடை பழையது, பின்பாதியில் தளர்கிறது. ஆனால் முன்பகுதியில் சகுணாவின் தாய் ராதா வருகிறாள். புருஷன் கிறிஸ்தவராகும்போது மனமில்லாமலே அவரோடு புறப்பட்டுப் போன பெண். சாட்சிப் புத்தகங்களில் அவருடைய மனந்திரும்புதலோடு கதை முடிந்துவிடும். இங்கே அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று மகள் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். கிறிஸ்தீனாளை முடித்த கையோடு ராதாவை வாசி.

யாத்திரிகத்தை நான் பார்த்து வாங்கி, ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன். மற்ற மூன்றும் அங்கே நூலகத்திலேயே ஆங்கிலத்தில் கிடைக்கும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லு, பிள்ளைகளுக்கு முத்தம்.

ஜெபத்துடன்,
அம்மா