அரிசி தரும் நாளிலேயே பருப்பையும் எண்ணெயையும் தாருங்கள்: வழங்கல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நியாய விலைக் கடைகளுக்குப் பொருள் அனுப்பும் பொறுப்பில் இருக்கும் உங்களுக்கு, கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தின் உள்கிராமம் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குப் புத்தகத்தை எழுதிவரும் குடும்ப அட்டைதாரர் ஒருத்தி எழுதும் மடல் இது. சிக்கனம், சேமிப்பு பற்றி எங்கள் ஊரில் அண்மையில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. பேச வந்த அதிகாரி ஒருவர், வரவு செலவை அன்றன்று எழுதிவைக்க வேண்டும், தேவை எது, ஆசை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு கிடைக்கும்போது வெளிக்கடையில் 100 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினால் கையில் காசு எப்படித் தங்கும்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மேடையில் இருப்பவர்களை எதிர்த்துக் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். ஆனால் கேள்வி நியாயமானது என்பதால், அதற்கான பதிலை உரிய இடத்துக்கே எழுதி அனுப்புகிறேன்.

பின்னணியை விளக்கி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் கடைக்கு அரிசி மாதத் தொடக்கத்தில் வந்துவிடுகிறது, சர்க்கரையும் பெரும்பாலும் அதனுடனேயே வருகிறது, பருப்பும் பாமாயிலும் மட்டும் பல மாதங்களில் 20-ஆம் தேதிக்குப் பிறகே வருகின்றன என்பதும், அப்போதும் எல்லா அட்டைகளுக்கும் போதுமான அளவு ஒரே தவணையில் வருவதில்லை என்பதும் உங்கள் பதிவேடுகளிலேயே இருக்கும். விற்பனையாளரை நான் குறை சொல்லவில்லை. இல்லாத பொருளுக்காக எங்களிடம் ஏச்சு வாங்குபவரும், இருக்கும் பொருளுக்காக உங்களிடம் கணக்கு ஒப்பிப்பவரும் அவர்தாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று: அரிசி தரும் அதே நாளில், ஒரே நடையில், பருப்பையும் எண்ணெயையும் சேர்த்துத் தாருங்கள்.

இது ஒரு சின்னக் கோரிக்கைதானே, நாலு நாள் முன்பின் ஆனால் என்ன என்று தோன்றலாம். எங்கள் குழுவில் அக்கா ஒருவர் இருக்கிறார். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கும் வேலை. உடைத்தெடுத்த முந்திரிப் பருப்பின் எடைக்குத்தான் கூலி என்பதால், அவர் அங்கே உட்கார்ந்திராத ஒவ்வொரு மணி நேரமும் கூலியில் குறைந்துவிடும். ஆலை காலையில் திறந்தால் மாலையில்தான் விடும். உங்கள் கடையும் காலை 9 மணிக்குத் திறந்து, நடுவே உணவு இடைவேளை விட்டு, மாலை 6 மணிக்கு அடைக்கிறது. ஆக, வேலைநாளில் அவர் கடைக்கு வர வேண்டுமென்றால் வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மாதத்தின் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்திருப்பது இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்துத்தான் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் அவர் நேரே கடைக்குத்தான் வருகிறார். அன்றைக்கு அரிசி இருக்கும், பருப்பு இருக்காது. பருப்பு வந்து சேர்ந்த பிறகு வரும் ஞாயிறுகளிலோ கடையே திறந்திருக்காது.

ஆகவே, பருப்பு வந்துவிட்டது என்று அண்டை வீட்டார் சொன்னதும், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கிறார். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நீங்கள் ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். முந்திரிக் கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும் தன்மை உடையது. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டாலும், எண்ணெயைத் தடவிக்கொண்டாலும், பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவர்களின் விரல் நுனிகள் கறுத்து, தோலுரிந்து, ரேகை இருந்த இடம் தேய்ந்து வழவழப்பாகிவிடும். 2020-இல் கைரேகை முறை வந்ததிலிருந்து அந்த விரல்களைத்தான் அவர் கருவியில் வைக்கிறார். முதலில் வலது பெருவிரல், பிறகு ஆள்காட்டி விரல், பிறகு இடது கை. கருவி ஏற்காது. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து வைப்பார்; ஏற்காது. சற்று ஈரப்பசை இருந்தால் பதியும் என்று யாரோ சொன்னதால் தலைமுடியில் தேய்த்து வைப்பார், அப்போதும் ஏற்காது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும், விற்பனையாளர் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல வேற யாராவது இருந்தா அனுப்புங்க அக்கா" என்பார். வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவர் கேரளத்தில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார், மகள் வெளியூரில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஊரில் இருப்பவர் அக்கா மட்டுமே. வேலை பார்த்துத் தேய்ந்த விரல்களைக் கொண்டு, தாம் தாமே என்று அவர் எந்த முறையில் நிரூபிப்பது என்பதைத் தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கூட்டத்தில் கற்றுக்கொடுத்தபடியே வரவையும் செலவையும் எழுதிப் பார்த்தேன். பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தையோடு ஒப்பிட்டால் இரண்டிலுமாக 200 ரூபாய் வரை மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். இது வரவு. செலவுப் பக்கத்தில் வருவது ஒரு நாள் கூலி. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் அந்தப் பேருந்து பிரதான சாலையோடு போய்விடுகிறது, எங்கள் கடையோ ஏற்றமும் இறக்கமுமான கிளைச்சாலையில் இருக்கிறது. ஆகையால் சுமையோடு திரும்பும்போது ஆட்டோவுக்கும் கொடுக்க வேண்டும். அரிசிக்கு ஒரு நடை, பருப்புக்கு ஒரு நடை, பருப்பு வந்த அன்று எண்ணெய் தீர்ந்துபோயிருந்தால் எண்ணெய்க்கு இன்னொரு நடை, விரல் பதியவில்லையென்றால் எல்லாவற்றுக்கும் மறுபடியும் ஒரு நடை. முதல் நடையிலேயே எல்லாம் கிடைத்தால் இந்தத் திட்டம் அவருக்கு உதவி. அடுத்த நடையிலேயே அது கைநட்டமாகிவிடுகிறது. அதனால்தான் அக்கா மாலையில் வேலை விட்டு வரும் வழியில், முக்குக் கடையில் கால் கிலோ, கால் கிலோவாகப் பருப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். சிக்கனம் தெரியாமல் அவர் அங்கே வாங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார். மேடையில் கேட்கப்பட்ட கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்.

பொதுவாகச் சிக்கனத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்கப்படுவதைக் குறித்தும் ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு இணையும்வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த மண் இது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசிக்கு உதவும் என்று மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, சாகுபடியைப் பரப்பினார். 1942-இல் பர்மா அரிசி வருவது நின்றுபோனபோது எங்கள் பாட்டனாரும் பாட்டிமாரும் அந்தக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். இன்றைக்கும் மரச்சீனியும் சாளை மீன் கறியும் ஒரு வேளைச் சாப்பாடாக முடிந்துவிடும் வீடுகள் இங்கே ஏராளம். சக்கைக் காலத்தில், அதாவது பலாப்பழக் காலத்தில், சுளையைக் கூட்டு வைத்துவிட்டு, கொட்டையை மழைக்காலத்துக்கு எடுத்துவைப்போம். எரிவாயு உருளைக்கு 2025 ஏப்ரலில் 50 ரூபாய் கூடியபோது நாங்கள் சாலை மறியல் செய்யவில்லை. கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை மடல்) சிரட்டையும் பொறுக்கி, குளிக்க வெந்நீர் வைப்பதற்கும் கஞ்சி வைப்பதற்கும் புறக்கடை அடுப்பை மறுபடியும் பற்றவைத்தோம். அதே ஆண்டின் நடுவில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது, முற்றத்திலேயே தென்னை நிற்கும் வீடுகளில்கூடத் தேங்காயை விற்றுவிட்டுப் பாமாயிலில் தாளித்தோம். அந்தப் பாமாயிலும் மாதக் கடைசியில் வரும் அல்லது வராது. இதற்கு மேலும் எதைக் குறைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கூட்டத்துக்குப் போனோம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் கொடுத்தார்கள். பின்னால் ஆளுயரத்துக்கும் மேலான பேனர் கட்டியிருந்தார்கள். சிக்கனத்தின் சிறப்பைக் கேட்டுக்கொண்டு நாங்கள் உள்ளே இருந்த நேரம் முழுவதும், சிறப்பு விருந்தினர் வந்த கார் குளிர்சாதனம் அணையாமல் வெளியே உறுமிக்கொண்டே நின்றது. வாகனத்துக்குள் சூடு ஏறிவிடாமல் பாதுகாப்பதும் ஒருவகைச் சேமிப்பாக இருக்கலாம். எங்களுக்கு அது தெரியாது.

அதிகம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தை நடத்தியதோ, எரிவாயுவுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் விலை வைப்பதோ நீங்கள் இல்லை. உங்கள் கையில் இருப்பதை மட்டும்தான் கேட்கிறேன். 2007-இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தைத் தொடங்கி, பருப்பையும் எண்ணெயையும் கடைக்குக் கொண்டுவந்தது, வெளிச்சந்தை விலை ஏறும்போது ஏழை வீட்டு அடுப்பு அணைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அத்தனை மூட்டை அரிசியை மாதத் தொடக்கத்தில் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க உங்களால் முடிகிறது. அதே லாரியில் பருப்பையும் ஏற்ற முடியாமல் தடுப்பது எது என்பதை எங்களுக்குச் சொன்னால் நாங்களும் புரிந்துகொள்வோம். ஒப்பந்தப்புள்ளி, கொள்முதல், கிடங்கு என்று காரணங்கள் இருக்கலாம். அந்தக் காரணங்களின் செலவை, எடைக்குக் கூலி வாங்குகிறவர்கள் ஒவ்வொரு மாதமும் தங்கள் கையிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

2024 மே மாதத்தில் பருப்பும் பாமாயிலும் வாங்க முடியாதவர்கள் அவற்றை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. அன்று முடிந்தது என்றும் முடியும். பொருள் தாமதமாக வந்த மாதங்களிலாவது, விடுபட்ட அளவை அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அரிசியோடு சேர்த்துத் தருவதை வழக்கமாக்கினால், அக்காவைப் போன்றவர்களின் ஒரு நாள் கூலி பிழைக்கும். விரல் விஷயத்திலும் புதிதாக எதையும் கேட்கவில்லை. கைரேகை பதியவில்லை என்ற காரணத்துக்காக எவருக்கும் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கருவிழியைப் பதியும் கருவியும் கடைகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. எங்கள் கடைக்கு அது வரும்வரை, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கலாம் என்று விற்பனையாளருக்கு எழுத்தில் ஓர் உத்தரவு தாருங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. நாளைக்குத் தணிக்கை என்று வந்தால் தம் தலைதான் உருளும் என்று அவர் பயப்படுகிறார், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடியே பொருள் வருகிறது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். அக்கா முதியவரும் இல்லை, மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழும் அவரிடம் இல்லை. அவர் வீட்டு வாசலுக்குப் பொருள் வர வேண்டும் என்றும் கேட்கவில்லை. கடைக்கு அவரே வருவார், அவரே சுமந்து போவார். வருகிற அன்று எல்லாம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பருப்பும் பாமாயிலும் எல்லா அட்டைகளுக்கும் உரிய அளவில் கடைக்கு வந்து சேர ஏற்பாடு செய்யுங்கள். அரிசி தரும் நாளிலேயே அவற்றையும் தாருங்கள். ஏதேனும் ஒரு மாதம் அது இயலாமல் போனால், எந்தப் பொருள் எந்தத் தேதியில் வரும் என்பதைக் கடை வாசலில் இருக்கும் கரும்பலகையில் முந்தின நாளே எழுதிப் போடச் சொல்லுங்கள். இப்போது அதில் கடை திறக்கும் நேரமும், புகார் தெரிவிக்க வேண்டிய எண்ணும் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. கீழே நிறைய இடம் காலியாகக் கிடக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விளவங்கோடு வட்டத்துக் குடும்ப அட்டைதாரர் ஒருத்தி