தமிழ்ச் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, கோடை ஒன்றுகூடல், தீபாவளி ஆகிய நான்கும் வழக்கம்போல் நடந்தன. குழந்தைகளுக்கான தமிழ் வகுப்பு தொடர்கிறது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்திலுள்ள பிராவிடன்ஸ் நகரில், ஆற்றின் நடுவே தீச்சட்டிகளில் விறகு எரித்துக் காட்டும் வாட்டர்ஃபயர் என்ற நிகழ்வுக்குத் தன்னார்வலர்களை அனுப்பியதே இவ்வாண்டின் புதிய பணி. ‘ஆற்றில் விறகு எரிக்க நாம் எதற்கு?’ என்ற கேள்வி செயற்குழுவிலேயே எழுந்ததால், இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பார்னபி எவன்ஸ் என்ற கலைஞர் 1994இல் ஒருமுறைக்கென்று ஏற்றிய தீ இது. 1996இல் பன்னாட்டுச் சிற்பக் கலை மாநாட்டையொட்டி மீண்டும் ஏற்றப்பட்டு, பிறகு நிலைத்துவிட்டது. வூனாஸ்குவாட்டக்கெட், மொஷாசக் என்ற இரண்டு ஆறுகள் கூடித்தான் பிராவிடன்ஸ் ஆறாகிறது. ஒரு காலத்தில் நகரின் நடுவே இந்த ஆறுகளைத் தளம் போட்டு மூடி வண்டி ஓட்டினார்கள். அங்கிருந்த கிராஃபோர்டு தெருப் பாலம் 1,147 அடி அகலத்துக்காகவே கின்னஸில் ஏறியது. அந்தத் தளத்தைப் பெயர்த்து ஆற்றைத் திறந்த பிறகு, மக்களைக் கரைக்கு வரவைத்ததில் இந்தத் தீக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று வாட்டர்பிளேஸ் பூங்காவிலிருந்து ஆற்றின் போக்கில் 80க்கும் மேற்பட்ட இரும்புத் தீச்சட்டிகள் எரிகின்றன. பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆகவே ஆளும் பணமும் பெரும்பாலும் கொடையாக வந்தாக வேண்டும்.

வேலை பிற்பகலிலேயே தொடங்கிவிடும். சட்டியில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இடையில் காற்று போக வழிவிட்டு அடுக்க வேண்டும். நெருக்கி அடுக்கினால் மேலே மட்டும் எரிந்து, அடியில் கரியாகிப் புகையும். சீடர் (cedar) மரக்கட்டையும் பைன் கட்டையும் சட்டென்று பற்றி வெளிச்சமும் மணமும் தரும். ஓக் மெதுவாகப் பிடித்து நெடுநேரம் தணலாக நிற்கும். வெறும் பைன் போட்டால், விறகிடும் படகு திரும்பி வருவதற்குள் சட்டி அடங்கிவிடும். வெறும் ஓக் போட்டால் சுடர் எழாது. ஈரக் கட்டை ஒன்று கலந்தாலும் கரையில் நிற்பவர்கள் கண்ணைக் கசக்க வேண்டியதுதான்.

பொழுது சாய்ந்ததும் தீ ஏற்றப்படும். அதன்பின் கறுப்பு உடை அணிந்த குழுக்கள் கறுப்புப் படகுகளில் சட்டி சட்டியாகப் போய் விறகிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பொறி படகுக்குள் விழாதபடி காற்று வரும் பக்கமாகவே சட்டியை அணுக வேண்டும். கட்டையை வீசினால் அடுக்கு சரிந்து கங்கு தண்ணீரில் கொட்டும். விளிம்பில் சாய்த்து உள்ளே தள்ளுவதே முறை. நைலான், பாலியஸ்டர் உடை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கறுப்பு உடை என்றால் கறுப்புப் பருத்தி உடை என்று கொள்க.

இவை கடலோதம் ஏறி இறங்கும் ஆறுகள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் சுமார் நாலரை அடி. ஓதம் ஏறினால் பாலத்தடியில் குனிந்து போக வேண்டும், படகில் விறகை உயரமாக ஏற்ற முடியாது. இறங்கினால் படகு சேற்றைத் தொடும். சாரல் மழை பொருட்டல்ல; இடியும், பெருமழைக்குப் பின் வரும் வேகமான நீரோட்டமும்தான் ஆபத்து.

இவ்வளவையும் விளக்கக் காரணம் உண்டு. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. சிலர் அன்று மாலைதான் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், சிலர் அதுவும் இல்லை. விறகு எடுத்துக் கொடுக்க ஆள் குறைந்தால் படகின் சுற்று தாமதமாகும். கடைசிச் சட்டிகள் கரைமேல் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கையிலேயே மங்கும். வந்த சிலரே நள்ளிரவு தாண்டியும் நின்று, மற்றவர் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். விழாச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் நம்மவர்களிடம் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக உள்ளது. விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். சந்தா நிலுவை மட்டும் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகச் செலுத்தாதவர்களும் உறுப்பினர் பட்டியலில் தொடர்கிறார்கள்.

தலைவர், பொருளாளர், மண்டபம் தந்து உதவியோர், சமையற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஒரு முழுப் படகுக்கான ஆட்களை நாமே தர வேண்டும் என்பது என் விருப்பம். பயிற்சிக்கும் அன்றைய இரவுக்கும் தவறாமல் வரும் பத்துப் பேர் இருந்தால் போதும். விறகுச் செலவுக்கு நம் பங்காக ஏதாவது தரவும் ஆசைதான். நிலுவை வந்து சேர்ந்தால் புதிதாக வசூலிக்கத் தேவையிருக்காது. இதைவிட நல்ல திட்டம் வைத்திருப்பவர் முன்வந்தால் செயலாளர் பொறுப்பை மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன், ஆனால் ஆள் வேண்டும். பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அங்கேயே இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்